நுவரெலியாப் பக்கம் வீடு வாங்க, விற்க எந்தப் புரோக்கரைப் பிடிப்பது?

ஊர்க்கார ஆள்தான் நல்லது, ஆனால் கொமிஷன் எவ்வளவு, யார் தருவது, எப்போது தருவது என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். காணி காட்டுவதற்கு முன்பே "செலவுக்கு" என்று காசு கேட்டால் அந்த ஆளை விட்டுவிடுங்கள். அப்புறம் காணி உறுதிப் பத்திரத்தைக் கேளுங்கள். அரசு மக்களுக்கு வழங்கிய சுவர்ணபூமி, ஜயபூமிப் பத்திரக் காணியைக் கைமாற்ற முதலில் பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும், அதைச் சொல்லாமல் "எல்லாம் கிளியர்" என்று இழுப்பவர்தான் ஆபத்து (காணி மலிவாகக் கிடைக்கும்போது நம்மவர்களும் கேட்கமாட்டார்கள், அது வேறு கதை). காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளைத் தேடிப்பார்க்க உறுதி எழுதும் நொத்தாரிசாக நீங்களே தெரிந்தெடுத்தவரை வையுங்கள், புரோக்கர் கூட்டிவருபவரை அல்ல. மலைச்சரிவா? தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை பற்றிக் கேளுங்கள், மழுப்பினால் வேறு ஆள் பாருங்கள். விற்பவர்களும் அசல் உறுதியைப் புரோக்கர் கையில் கொடுக்க வேண்டாம், போட்டோ பிரதி போதும்.