ராத்திரியில் ஆடிய ஆசிட் பம்பு: ஃபீட்பேக்கோடு ஃபீட்ஃபார்வர்ட் சேர்ப்பது எப்படி?

திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறையின் ஈடிபியில் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) மூன்று நாள் மல்லுக்கட்டிக் கற்றுக்கொண்டது இது. சாயத் தண்ணீர் பிஹெச் 10, 11 என்று வரும். ஆசிட் விட்டு 8-க்குக் கொண்டுவந்துதான் பயாலஜிக்கல் டேங்குக்கு அனுப்ப வேண்டும். ஆசிட் கூடிவிட்டால் டேங்கில் உள்ள பாக்டீரியா செத்துப்போகும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதற்குப் பிறகு, கழிவைச் சொட்டுக்கூட வெளியே விட வழியில்லை. வந்த தண்ணீரை உள்ளேயே சரிசெய்தாக வேண்டும்.

பிஎல்சியில் (மெஷின்களை இயக்கும் தொழிற்சாலைக் கம்ப்யூட்டர்) பிஐடி பிளாக் (அளந்த பிஹெச்சுக்கும் இலக்குக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துப் பம்பைக் கூட்டிக் குறைக்கும் கணக்கு) போடத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் மூன்று பெயர்கள். தென்னந்தோப்பில் டைமர் வைத்து மோட்டார் ஓட்டுவது ஓப்பன் லூப். மழை கொட்டினாலும் இரண்டு மணி நேரம் ஓடும். தொட்டி நிறைந்ததும் மிதவை மோட்டாரை நிறுத்துவது ஃபீட்பேக். மேற்கே மேகம் கட்டுவதைப் பார்த்து மோட்டாரைப் போடாமலே விடுவது ஃபீட்ஃபார்வர்ட்.

படி 1: தாமதத்தை அளங்கள்

கண்ட்ரோலரை மேனுவலில் போட்டு, ஆசிட் பம்பை 40%-லிருந்து 45%-க்கு ஏற்றுங்கள். பிஹெச் அசையத் தொடங்கும்வரை ஸ்டாப்வாட்சில் நேரம் பாருங்கள். கணக்கிலும் சரிபார்க்கலாம். எங்களுக்கு ஆசிட் விடும் இடத்திலிருந்து பிஹெச் ப்ரோப் வரை 12 மீட்டர், 4 அங்குலக் குழாய். உள்ளே நிற்கும் தண்ணீர் சுமார் 95 லிட்டர். மணிக்கு 10 கனமீட்டர் ஓடினால் அதைக் கடக்க 34 விநாடி.

படி 2: ஃபீட்பேக்கை மந்தமாக வையுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான். பகலில் பிஐடியின் எண்களைச் சரிப்படுத்தி (டியூன் செய்து), கோடு போட்டதுபோல் 8-ல் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். ராத்திரி ஷிப்டிலிருந்து போன்: "ஏனுங்க தம்பி, இது 5-க்கும் 10-க்கும் ஊஞ்சலாடுதுங்க!"

ராத்திரியில் வரத்து பாதியாகிவிடும். 34 விநாடி 68 ஆகிவிடும். ப்ரோப் இன்னும் 9 காட்டுகிறதே என்று பம்பு ஆசிட்டைக் கூட்டிக்கொண்டே போகும்; முன்பே விட்ட ஆசிட் குழாயில் வந்துகொண்டிருப்பது அதற்குத் தெரியாது. போதாததற்கு, பாதித் தண்ணீரில் அதே ஆசிட் இரு மடங்கு வேலை செய்யும். கெயினை (வித்தியாசத்துக்கு எவ்வளவு பலமாகத் திருத்த வேண்டும் என்ற எண்) கூட்டக் கூட்ட ஆட்டம் அதிகமானது.

அதனால் வரத்து மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில் டியூன் செய்யுங்கள். 1942-ல் வந்த சீக்லர்-நிக்கோல்ஸ் டியூனிங் முறை இந்த வேலைக்கு முரட்டுத்தனம். எவ்வளவு மெதுவாகத் திருத்த வேண்டும் என்று நாமே நேரம் குறிக்கும் லாம்டா முறைதான் என் தேர்வு. பிஐடியில் உள்ள டி-யை (மாறும் வேகத்தைப் பார்த்துத் திருத்தும் பகுதி) சுழியத்திலேயே விட்டுவிடுங்கள்.

படி 3: ஃபீட்ஃபார்வர்டைச் சேருங்கள்

வரத்துக் குழாயில் ஒரு ஃப்ளோ மீட்டர் போதும். சாயத் தண்ணீருக்கு மேக்னடிக் மீட்டர்தான் வாங்குவேன்; சுழலும் உறுப்பு உள்ளதில் நூல் பஞ்சு சுற்றிக்கொள்ளும். மணிக்கு 10 கனமீட்டருக்குப் பம்பு 40% என்றால், ஒரு கனமீட்டருக்கு 4%. வரத்து 15 ஆன அந்த விநாடியே பம்பு 60%-க்குப் போய்விடும், ப்ரோப்புக்காகக் காத்திருக்காது.

வரத்திலும் ஒரு பிஹெச் ப்ரோப் வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். காஸ்டிக் கலந்த தண்ணீரும் சோடா ஆஷ் கலந்த தண்ணீரும் ஒரே 11 காட்டும். ஆனால் சோடா ஆஷ் தண்ணீர் பல மடங்கு ஆசிட் கேட்கும்.

படி 4: பெருக்குங்கள், கூட்டாதீர்கள்

பிஐடி விடையை இந்தக் கணக்கோடு கூட்டாமல் பெருக்குங்கள்: வரத்து × 4 × பிஐடி. பிஐடி விடைக்கு 0.7 முதல் 1.3 வரை வரம்பு வையுங்கள். பெருக்கும்போது, பாதித் தண்ணீருக்குத் திருத்தமும் தானாகப் பாதியாகிவிடும். ராத்திரி ஆட்டம் நின்றது இந்த ஒரு மாற்றத்தில்தான். சாயத்தொட்டி மாறி ஆசிட் தேவை மாறினால், அதை ஃபீட்பேக் மெதுவாகச் சரிசெய்யும்.

பின்சேர்க்கை: பெருந்துறையிலிருந்து ஒருவர், ஃபீட்ஃபார்வர்ட் போட்டதும் பம்பு நடுங்குகிறது என்று எழுதியிருந்தார். ஃப்ளோ சிக்னலின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்த 5 விநாடி ஃபில்டர் போட்டும் பாதிதான் குறைந்தது. மீதிக்குக் காரணம் குழாய்: மீட்டர் இருந்த இடத்தில் தண்ணீர் முழுதாக நிறையவில்லை. மேலேறும் செங்குத்துக் குழாய்க்கு மீட்டரை மாற்றியதும் நடுக்கம் போய்விட்டதாம்.