நாவல் திரைக்கு வரும் முன்: அறிவியல் புனைகதைப் படத்துக்குத் தயாராவது எப்படி

ஒரு பழைய அறிவியல் புனைகதை நாவல் படமாகிறது என்ற செய்திக்கும் படம் திரைக்கு வரும் நாளுக்கும் நடுவில் நிறைய மாதங்கள் இருக்கும். அதை முழுக்க ட்ரெய்லருக்குக் காத்திருந்தே கழித்தால் திரையரங்கில் ஒரே ஒரு கேள்வியோடுதான் உட்கார வேண்டியிருக்கும்: “அந்தக் காட்சி எங்கே போயிற்று?” நாவலை முறையாகப் படித்துவிட்டுப் போனால் கேள்வி மாறும்: “இந்தச் சிக்கலை எப்படி அவிழ்த்திருக்கிறார்கள்?” கீழே சொல்லியிருப்பவை எல்லாம் இந்த இரண்டாவது கேள்வியோடு போவதற்கான வழிகள்.

செய்தியை எடைபோடுதல்

உரிமை வாங்கப்பட்டது என்பது படம் எடுக்கப்படுகிறது என்பதல்ல. உரிமை, திரைக்கதை, பணம், படப்பிடிப்பு, அதற்குப் பிந்தைய வேலைகள் என்று வரிசையாகக் கட்டங்கள் உண்டு. பெரும்பாலான திட்டங்கள் முதல் மூன்றிலேயே நின்றுவிடும். ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ நாவலை 1970களின் நடுவில் இயக்குநர் ஹொடரோவ்ஸ்கி படமாக்க முயன்றார். ஓவியங்கள், காட்சி வரைவுகள் எல்லாம் தயாரான பிறகும் படப்பிடிப்பு தொடங்கவே இல்லை. எனவே படப்பிடிப்பு முடிந்தது என்ற செய்தி வரும்வரை நாள் குறிக்க வேண்டாம். கணினி வரைகலை அதிகமுள்ள படங்களுக்கு அதன் பிறகும் பல மாத வேலை இருக்கும். வெளியீட்டுக்கு இரண்டரை, மூன்று மாதம் இருக்கும்போது படிக்கத் தொடங்குவது சரியான நேரம். ஓராண்டு முன்பே படித்தால் விவரங்கள் மறந்துபோகும். கடைசி வாரத்தில் படித்தால் நாவல் மனதில் படியும் முன்பே படம் அதன்மேல் வந்து உட்கார்ந்துவிடும்.

விளம்பரத்தில் நாவலின் பெயருக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். ‘தழுவியது’ என்றால் கதையின் எலும்புக்கூடாவது இருக்கும். ‘தூண்டப்பட்டது’ என்றால் பெயரும் ஓரிரு யோசனைகளும் மட்டுமே இருக்கலாம். 2004இல் வந்த ‘ஐ, ரோபோ’ இரண்டாம் வகை. அதன் திரைக்கதை முதலில் அசிமோவின் நூலோடு தொடர்பில்லாத தனிக்கதையாக எழுதப்பட்டது. ரோபோக்களுக்கான மூன்று விதிகளும் சில பாத்திரப் பெயர்களும் பிறகு வந்து சேர்ந்தவை. இந்த ஒரு சொல் வித்தியாசத்தைக் கவனித்திருந்தால் பாதி ஏமாற்றம் குறைந்திருக்கும்.

எந்தப் பதிப்பு

மொழிபெயர்ப்பில் படிப்பவர்கள் இங்கே அவசரப்படக் கூடாது. ஜூல்ஸ் வெர்னின் ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’ நாவலை 1870களில் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன லூயிஸ் மெர்சியர், மூலத்தில் கிட்டத்தட்ட கால்பங்கை வெட்டினார், அறிவியல் விவரங்களையும் பிழையாகத் தந்தார். அந்தப் பிரதிதான் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப அச்சானது, அதிலிருந்து வேறு மொழிகளுக்கும் போனது. தலைப்பில் வரும் இருபதாயிரம் லீக் என்பது கடலின் ஆழம் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். அது பயணம் செய்த தூரம். வெர்னின் கணக்கில் ஒரு லீக் 4 கிலோமீட்டர், ஆக மொத்தம் 80,000 கிலோமீட்டர். போலந்து எழுத்தாளர் லெம்மின் ‘சொலாரிஸ்’ (1961) போலிஷ் மொழியில் எழுதப்பட்டது. 1970இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்போ பிரெஞ்சிலிருந்து செய்யப்பட்டது. போலிஷிலிருந்து நேரடி ஆங்கில மொழிபெயர்ப்பு வர 2011 ஆகிவிட்டது.

ஆகவே புத்தகத்தை எடுத்ததும் பதிப்பு விவரப் பக்கத்தில் மூன்றைத் தேடுங்கள்: எந்த மொழியிலிருந்து மொழிபெயர்த்தது, எந்த ஆண்டுப் பிரதி, ‘சுருக்கம்’ என்ற சொல் எங்காவது ஒளிந்திருக்கிறதா. பட நடிகர்களின் முகம் அட்டையில் இருந்தால் ஆசிரியர் பெயரை இன்னொரு முறை பாருங்கள். அட்டை மட்டும் மாறிய அதே நாவலாக இருந்தால் கவலையில்லை. திரைக்கதையிலிருந்து திரும்ப எழுதிய நாவலாக்கம் வேறு பொருள், அதைப் படித்தால் மூலத்தைப் படித்ததாக ஆகாது.

முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். செவ்வியல் நாவல்களுக்கு முன்னுரை எழுதுகிறவர்கள் வாசகர் ஏற்கனவே படித்திருப்பார் என்று கருதி முடிவைப் போட்டு உடைத்துவிடுவார்கள்.

நேரக் கணக்கு

நிமிடத்துக்கு 200 சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெல்ஸின் ‘கால இயந்திரம்’ போல 32,000 சொல் அளவுள்ள குறுநாவல் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். ‘டியூன்’ 1,80,000 சொற்களைத் தாண்டும். பதினைந்து மணி நேரத்துக்கு மேல். நாளுக்கு 40 நிமிடம் ஒதுக்கினால் கிட்டத்தட்ட 24 நாள். இடையில் விட்டுப்போகும் நாட்களையும் சேர்த்து ஐந்து வாரம் என்று வையுங்கள். ஒலிப்புத்தகமாகக் கேட்டால் அதே நாவல் சுமார் 21 மணி நேரம் ஓடும். அதன்பின் படத்துக்கு முன்னால் மூன்று வாரமாவது இடைவெளி வேண்டும்.

பெரும்பாலோர் புத்தகத்தை மூடி வைப்பது முதல் ஐம்பது பக்கத்தில்தான். புதுச்சொற்கள் மழையாகக் கொட்டும், ஒவ்வொன்றுக்கும் பின்னால் உள்ள சொல்லகராதியைப் புரட்டினால் வாசிப்பு அறுந்துபோகும். ஒரு சொல் மூன்றாம் முறை வந்தும் புரியாவிட்டால் மட்டும் புரட்டுங்கள். தெரியாத உலகத்தில் வந்து இறங்கியவரின் தடுமாற்றத்தை ஆசிரியர் திட்டமிட்டே தருகிறார். ‘டியூனில்’ ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் வரும் மேற்கோள்களைத் தாண்டிப் போகாதீர்கள். யார் துரோகம் செய்யப்போகிறார் என்பதைக்கூட நாவல் முன்கூட்டியே சொல்லிவிடும். அங்கே பதைப்பு ‘யார்’ என்பதில் இல்லை, ‘எப்போது’ என்பதில் இருக்கிறது.

ஓரக்குறிப்புகள்

இதுதான் முக்கியமான வேலை. ஒரு பென்சிலோடு படியுங்கள். பாத்திரம் வாய் திறக்காமல் நினைக்கும் இடங்களில் ஓரத்தில் ‘ம’ என்று போடுங்கள், மனம் என்பதற்கு. ஆசிரியர் உலகத்தை விளக்கும் பத்திகளில் ‘வி’. கதை நாட்களையோ ஆண்டுகளையோ தாண்டும் இடத்தில் ‘கா’. ஒரு அத்தியாயத்துக்கு இந்த மூன்று குறியும் சேர்ந்து ஐந்தாறுக்கு மேல் விழுந்தால், திரைக்கதையாசிரியர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அத்தியாயம் அது.

ஏனென்றால் கேமராவுக்கு இந்த மூன்றும் தெரியாது. ‘டியூன்’ நாவலில் ஒரே அறையில் இருக்கும் நான்கு பேரின் மனவோட்டமும் அடுத்தடுத்து வரும். இயக்குநர் டேவிட் லிஞ்ச் 1984இல் எடுத்த படத்தில் அந்த நினைவுகளைக் கிசுகிசுக்கும் பின்குரலாக வைத்தார். டெனி வில்னோவ் 2021 படத்தில் பின்குரலை விட்டுவிட்டு, கைச்சைகைகளையும் முகங்களையும் மௌனத்தையும் நம்பினார். ஆனால் அதற்கு விலை உண்டு: மனவோட்டங்களாலேயே கட்டப்பட்ட நீண்ட விருந்துக் காட்சி படத்தில் இல்லை. ‘ம’ குறிகள் அடர்ந்த அத்தியாயம் வெட்டுப்படும் என்பது கிட்டத்தட்ட உறுதியான ஊகம்.

‘வி’ குறிகள் வேறு விதமாகத் தீரும். புதிதாக வந்த ஒருவருக்கு யாராவது விளக்கிச் சொல்வது, பாடப் படச்சுருள் போல ஒன்றைப் பாத்திரம் பார்ப்பது, அல்லது விளக்காமலே ஒரு பொருளைக் கண்ணில் காட்டிவிட்டு நகர்வது. மூன்றாவதுதான் கடினம், நன்றாகச் செய்தால் மனதில் நிற்பதும் அதுதான்.

ஐம்பது அட்டைகள்

படித்து முடித்ததும், மறக்கும் முன், நீங்களே ஒருமுறை திரைக்கதை வரிசை போட்டுப் பாருங்கள். திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம். ஒரு காட்சிக்குச் சராசரியாக இரண்டரை நிமிடம் என்றால் இரண்டு மணி நேரப் படத்துக்கு ஐம்பது காட்சிகூடத் தாங்காது. உள்ளங்கை அளவில் ஐம்பது அட்டை வெட்டி, ஒரு அட்டைக்கு ஒரு காட்சி எழுதுங்கள். ஒரு வரி போதும்: யார், எங்கே, என்ன மாறுகிறது. ‘என்ன மாறுகிறது’ என்பதற்குப் பதில் இல்லாவிட்டால் அந்த அட்டையை எடுத்துவிடுங்கள்.

எல்லோருக்கும் முதல் முயற்சியில் எண்பது, தொண்ணூறு அட்டை வரும். குறைக்கும்போது வழக்கமாக நடக்கும் தவறு, பிடித்த காட்சிகளை வைத்துக்கொண்டு அவற்றை இணைக்கும் சாதாரணக் காட்சிகளை எறிவது. அப்படிச் செய்தால் வரிசையை உரக்கப் படித்துப் பார்க்கும்போது ‘ஆகவே’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘அப்புறம்’ என்றே வந்துகொண்டிருக்கும். இரண்டு பாத்திரங்களை ஒருவராக்கிப் பாருங்கள், இரண்டு பயணங்களை ஒன்றாக்கிப் பாருங்கள். அரை நாள் போதும். ஒருமுறை இதைச் செய்தவர் பிறகு “நாவலைக் கெடுத்துவிட்டார்கள்” என்று அவ்வளவு எளிதாகச் சொல்லமாட்டார்.

எல்லா மாற்றத்துக்கும் கதை காரணமாக இருக்காது. ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ நாவலில் விண்கலம் சனிக்குப் போகிறது, படத்தில் வியாழனோடு நிற்கிறது. சனியின் வளையங்களை நம்பும்படி திரையில் கொண்டுவருவது 1960களின் கலைஞர்களுக்குக் கைகூடவில்லை என்பதே காரணம். இடமும் காலமும் மாறுவதும் சகஜம். வெல்ஸின் ‘உலகங்களின் போர்’ நாவலில் (1898) செவ்வாய்வாசிகள் இங்கிலாந்தில் இறங்கினார்கள், 1938 வானொலி நாடகத்தில் நியூ ஜெர்சியில், 1953 படத்தில் கலிஃபோர்னியாவில். பார்ப்பவரின் வீட்டு வாசலுக்கு அச்சத்தைக் கொண்டுவருவதுதான் அந்தக் கதையின் உயிர். ஊர் மாறினாலும் அது மாறவில்லை.

பழைய படங்களைப் பார்ப்பதா

புதிய படத்துக்குப் பிறகு பார்ப்பது நல்லது. முன்னால் பார்த்தால் அந்த முகங்கள் தலையில் ஒட்டிக்கொண்டு, நாவல் உங்களுக்குள் வரைந்திருந்த முகங்களை அழித்துவிடும். சுமார் இருநூறு பக்கமுள்ள ‘சொலாரிஸ்’, இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் கையில் (1972) இரண்டே முக்கால் மணி நேரம் ஆகி, நாவலில் இல்லாத நீண்ட பூமிப் பகுதியோடு தொடங்குகிறது. சோடர்பெர்க் (2002) அதையே ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக முடித்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது பெரிய பாடம், ஆனால் அதற்கு அவசரமில்லை.

தொடர் படமாக இருந்தால் இந்த விதி தலைகீழாகும். முந்தைய பாகத்தைக் கட்டாயம் திரும்பப் பாருங்கள், கையில் நாவலோடு. 2021 ‘டியூன்’ படம், நாவலின் இரண்டாம் பகுதிக்குள் பாதி வழியில் நின்றது. 2024இல் வந்த இரண்டாம் பாகம், நாவலில் ஆண்டுக்கணக்கில் விரியும் காலத்தைச் சில மாதங்களாகச் சுருக்கியது. அப்படிச் சுருக்கும்போது வயது, பிறப்பு, உறவு எல்லாம் இடம் மாறும். அடுத்த பாகம் நாவலிலிருந்து அல்ல, அந்த மாறிய இடத்திலிருந்துதான் கிளம்ப முடியும்.

ட்ரெய்லர்கள்

முதல் டீசரையும் முதல் முழு ட்ரெய்லரையும் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒருமுறை. அதோடு நிறுத்துங்கள். கடைசிக் கட்ட விளம்பரங்களில் படத்தின் கடைசிப் பகுதிப் படிமங்கள் நுழைந்துவிடும். ட்ரெய்லரின் இசையைக் கேட்டுப் படத்தின் தொனியை முடிவு செய்யாதீர்கள், பல நேரம் அது படத்திலேயே இருக்காது. வரைகலையையும் அதில் வைத்துத் தீர்ப்பிட வேண்டாம், வேலை முடியாத காட்சிகள் கலந்திருக்கும்.

நாவலைப் படித்துவிட்டதால் ஸ்பாய்லர் நமக்கில்லை என்று நினைப்பது தப்பு. கதை தெரிந்தவருக்கு மாற்றங்கள்தான் ஸ்பாய்லர். படத்துக்கு முன்பே வெளியாகும் இசைத்தொகுப்பில் பாடல் தலைப்புகளே முடிவைச் சொல்லிவிடும், பட்டியலைப் பார்க்காதீர்கள். சமூக ஊடகத்தில் படத்தின் பெயரோடு முக்கியப் பாத்திரங்கள் ஐந்தாறு பேரின் பெயரையும் மறைப்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

எந்தத் திரை, எந்த இருக்கை

படம் எந்த அகல–உயர விகிதத்தில் எடுக்கப்பட்டது என்று பார்த்துவிட்டுத் திரையைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமான அகலத்திரை 2.39:1. ஐமேக்ஸ் இரண்டு வகை: 1.90:1, 1.43:1. ஒரே அகலத்தில் 1.43 திரை, அகலத்திரையைவிட மூன்றில் இரண்டு பங்கு கூடுதல் உயரம் காட்டும், 1.90 கால்பங்கு கூடுதல். படமே அந்த உயரத்துக்கு எடுக்கப்படவில்லை என்றால் பெரிய திரையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டைதான், கூடுதல் காட்சி கிடையாது. வழக்கமான திரையரங்கில் பின்னிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் உள்ள வரிசையின் நடு இருக்கை, படத்துக்கும் ஒலிக்கும் பொருத்தம். முதல் வரிசைகளில் வசன வரிகளைப் படிக்கும்போது முகங்கள் கண்ணைத் தாண்டிவிடும், கற்பனை மொழிகள் பேசும் படங்களில் இது பெரிய இழப்பு.

அட்டைகளையும் ஓரக்குறிப்பையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். படத்தின்போது ஒப்பிடத் தொடங்கினால் அடுத்த மூன்று காட்சி கைவிட்டுப் போகும்.

பார்த்த பிறகு

அன்றிரவே, எந்த விமர்சனமும் படிக்கும் முன், பத்து வரி எழுதுங்கள். நினைவில் நின்ற மூன்று காட்சிகள், அவை நாவலில் எங்கே இருந்தன, அல்லது இல்லவே இல்லையா. ஒரு வாரம் கழித்து ‘ம’ குறி அடர்ந்த இரண்டு அத்தியாயங்களை மட்டும் திரும்பப் படியுங்கள். படத்தின் முகங்கள் இப்போது வரிகளுக்கு நடுவே வந்து நிற்கும். எந்த வரியில் அந்த முகம் பொருந்தாமல் விலகிப்போகிறதோ, அங்கே ஒரு கோடு போட்டு வையுங்கள்.