பழைய கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ்: தறிக்குடோன் பெட்டியை வைத்து ஒரு செய்முறை

பல்லடம் பக்கம் எங்கள் மாமாவின் தறிக்குடோனில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. 2013-ல் வாங்கியது, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. பாவு நூல் வந்த கணக்கு, துணி போன கணக்கு, ஆட்களுக்கு வாரக்கூலி எல்லாம் அதில்தான். போன மாதம் கூப்பிட்டு, "மாப்ள, சுவிட்சைப் போட்டுட்டுப் போய் டீ குடிச்சுட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்குது, புதுசே வாங்கிரலாமா?" என்றார். "இருங்க மாமா, நான் வந்து பாக்கறனுங்க" என்று போனேன். பார்த்தால், கடிகாரத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஆன்டிவைரஸ் உட்கார்ந்திருந்தது. ஒன்று மூன்று வருடத்துக்கு முன்பே காலாவதியானது.

பனியன் கம்பெனி, கோழிப்பண்ணை, ஜெராக்ஸ் கடை என்று நம் பக்கம் எங்கே போனாலும் இப்படி ஒரு பெட்டி ஓடிக்கொண்டிருக்கும். அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கவும் பெரும்பாலும் வேண்டியதில்லை. அன்றைக்கு நான் செய்ததை அதே வரிசையில் சொல்கிறேன், ஆன்டிவைரஸ் என்றாலே பயப்படுகிறவர்கள்கூட செய்துவிடலாம்.

முதல் வேலை, கணக்கைக் காப்பி எடுப்பது. சுத்தம் செய்ய ஆரம்பிப்பதற்கு முன்பே முக்கியமான ஃபைல்களை வெளி ஹார்டு டிஸ்க்கில் போட்டு, கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள். சொருகியபடியே விட்டால் அதைப் பத்திரமான காப்பி என்று சொல்ல முடியாது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் உள்ளே வந்தால், சொருகியிருக்கிற டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும்.

அடுத்து, எந்த விண்டோஸ் என்று பாருங்கள். கீபோர்டில் விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும், அதில் டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர் என்று ஆறு எழுத்து அடித்து என்டர் தட்டினால் காட்டிவிடும். இதற்கு ஏன் இவ்வளவு முக்கியம் கொடுக்கிறேன் என்றால், ஆன்டிவைரஸும் விண்டோஸ் அப்டேட்டும் ஒன்று என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தோட்டத்துச் சாளையில் நல்ல நாய் கட்டியிருக்கிறோம், ஆனால் கிளுவை வேலி நாலு இடத்தில் பிய்ந்து கிடக்கிறது என்று வையுங்கள், நாய் எத்தனை பக்கம்தான் ஓடும்? ஆன்டிவைரஸ் அந்த நாய், விண்டோஸ் அப்டேட்தான் வேலி. 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிய வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர், விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டை வழியாகத்தான் பரவியது. அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்திருந்தது, போடாமல் விட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

விண்டோஸ் 7-க்கு ஆதரவு, அதாவது மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட் தருவது, 2020 ஜனவரி 14-லேயே முடிந்துவிட்டது, 8.1-க்கு 2023 ஜனவரி 10-ல். விண்டோஸ் 7-ல் மைக்ரோசாஃப்டே கூடவே தருகிற டிஃபெண்டர் என்று ஒன்று இருக்கும், ஆனால் அது உளவு பார்க்கிற ஸ்பைவேரை மட்டும் பார்ப்பது, முழு ஆன்டிவைரஸ் இல்லை. உங்களுடையது 7 என்றால் நான் ஒளிக்காமல் சொல்கிறேன்: நெட் கேபிளைக் கழற்றிவிட்டு பில் போட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், பேங்க் வேலையெல்லாம் வேறு கம்ப்யூட்டரில் செய்யுங்கள். விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. வீட்டு உபயோகக் கம்ப்யூட்டராக இருந்தால், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கம் போய்ப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருவதாக அறிவித்தார்கள். டிஃபெண்டருக்கு வருகிற வைரஸ் அடையாளப் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதாவது நாய்க்குச் சோறு 2028 வரை உண்டு, வேலியை மட்டும் கவனிக்க வேண்டும்.

சரி, இப்போது அந்த இரண்டு ஆன்டிவைரஸ் விஷயம். ஒரு கம்ப்யூட்டரில் ஒன்றுதான் காவலுக்கு இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் நீங்கள் திறக்கிற ஒவ்வொரு ஃபைலையும் இரண்டும் பிடித்துப் பார்க்கும், சில சமயம் ஒன்று செய்வதை இன்னொன்று வைரஸ் வேலை என்று நினைத்து மறிக்கும், பழைய பெட்டி மூச்சு முட்டிப்போகும். செட்டிங்ஸ், ஆப்ஸ் போய், காலாவதியானதை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள், அப்புறம் இரண்டாவது, மறுபடி ரீஸ்டார்ட். சிலது அடம்பிடித்துப் போகாது. அதைத் தயாரித்த கம்பெனியின் சொந்தத் தளத்திலேயே அதை எடுக்கத் தனியாக ஒரு ரிமூவல் டூல் இருக்கும், அதை மட்டும் இறக்குங்கள். வேறு ஆன்டிவைரஸ் இல்லை என்று தெரிந்ததும் விண்டோஸ் 10-ல் கூடவே வருகிற டிஃபெண்டர் தானாக எழுந்துகொள்ளும். காசு கட்டி வாங்கிய ஆன்டிவைரஸ் இன்னும் கெடுவில் இருக்கிறதா, அதையே வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் தப்பில்லை. டிஃபெண்டர் ஒதுங்கிக்கொள்ளும்.

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன் என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே ரியல் டைம் புரொடெக்‌ஷனும் டேம்பர் புரொடெக்‌ஷனும் ஆன் ஆக இருக்க வேண்டும். கீழே புரொடெக்‌ஷன் அப்டேட்ஸ் இருக்கும், செக் ஃபார் அப்டேட்ஸ் கொடுத்து, கடைசி அப்டேட் தேதி இன்றைக்கு என்று மாறுகிறதா பாருங்கள். மாமா பெட்டியில் தேதி மாறவே இல்லை. கடைசியில் பார்த்தால் மதர்போர்டில் இருக்கிற சின்ன பேட்டரி தீர்ந்து, கம்ப்யூட்டரின் தேதியே 2013-ல் நின்றிருந்தது. 2032 என்று எழுதிய வட்ட பேட்டரி, வாட்ச் கடையிலேயே கிடைக்கும். அதை மாற்றித் தேதியைச் சரி செய்ததும் அப்டேட் ஓடியது.

ஃபுல் ஸ்கேன் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை. தறி ஓடுகிற இடத்தில் இருக்கிற கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? மாமாவுடையதில் பிராசசர் ஃபேனுக்கும் அதற்குக் கீழே உள்ள அலுமினியத் தகட்டுக்கும் நடுவில் பஞ்சு கம்பளி மாதிரி படிந்து, விரலால் எடுத்தால் ஒரே துண்டாகக் கையோடு வந்தது. ஃபுல் ஸ்கேன் என்பது மணிக்கணக்கில் பிராசசரையும் ஹார்டு டிஸ்க்கையும் ஓட்டுகிற வேலை, இந்தப் பஞ்சோடு ஓட்டினால் சூடேறிப் பாதியில் அணைந்துவிடும். கரண்டைப் பிடுங்கிவிட்டு, ஃபேன் சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு புளோயரால் ஊதுங்கள். அப்புறம் விண்டோஸ் செக்யூரிட்டியில் அதே பகுதியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய், ஃபுல் ஸ்கேன் தேர்ந்தெடுத்து, ஸ்கேன் நவ். யூபிஎஸ் இல்லையென்றால் கரண்ட் நிற்காத நாளாகப் பார்த்துப் போடுங்கள்.

ஏதாவது சிக்கினால் பெயரைக் காட்டும், ரிமூவ் அல்லது குவாரன்டைன் கேட்கும். குவாரன்டைன் என்றால் தனி அறையில் பூட்டி வைப்பது. கணக்கு ஃபைல் எதையாவது தவறிப் பிடித்திருந்தால் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்பதால் எனக்கு எப்போதும் இதுதான் பிடிக்கும். நீக்கினாலும் மறுபடி மறுபடி அதே பெயர் வருகிறதா, அதே ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேன் இருக்கிறது, திறந்திருக்கும் வேலையைச் சேவ் செய்துவிட்டு அதைக் கொடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தேடும், சுமார் 15 நிமிடம் ஆகும்.

காவல் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சோதிக்க ஐகார் டெஸ்ட் ஃபைல் என்று ஒன்று உண்டு. 68 எழுத்துதான், எந்தக் கெடுதலும் செய்யாது, ஆனால் எல்லா நல்ல ஆன்டிவைரஸும் அதை வைரஸ் என்றே பிடிக்க வேண்டும் என்று பேசிவைத்து உண்டாக்கியது. ஐகார் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இறங்கும்போதே மறித்தால் நல்லது, சத்தமே இல்லாமல் இறங்கினால் மேலே சொன்ன செட்டிங்கை மறுபடி பாருங்கள்.

இனி பெண்டிரைவ். நம் பக்கம் வைரஸ் வருகிற வாசல் பெரும்பாலும் இதுதான், ஜெராக்ஸ் கடை, ஆடிட்டர் ஆபீஸ், பார்ட்டி ஆபீஸ் என்று ஒரே பெண்டிரைவ் ஊரெல்லாம் சுற்றி வருகிறது. மாமாவுடையதைச் சொருகினால் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிக் கிடந்தது, படத்தின் மூலையில் சின்ன அம்புக்குறி. அதை டபுள் கிளிக் செய்யவே செய்யாதீர்கள், அதுதான் வைரஸை ஓட்டிவிடுகிறது. பெண்டிரைவ் பெயர் மேல் ரைட் கிளிக் கொடுத்து டிஃபெண்டர் ஸ்கேன் ஓட்டுங்கள். ஸ்கேன் முடிந்தும் ஃபோல்டர்கள் தெரியவில்லையா, பதற வேண்டாம், பெரும்பாலும் உள்ளேயேதான் ஒளிந்திருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ போய் ஆப்ஷன்ஸ் திறந்து, ஹிடன் ஃபைல்ஸ் காட்டு என்பதைத் தேர்ந்தெடுத்து, ஹைடு புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ் என்ற டிக்கையும் எடுங்கள். இரண்டாவதை விட்டுவிட்டுத்தான் நிறையப் பேர் "டேட்டா போச்சு" என்று கலங்குகிறார்கள். வேண்டிய ஃபைலை மட்டும் காப்பி எடுத்துவிட்டு பெண்டிரைவை ஃபார்மேட் செய்து, அந்த டிக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

"ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்" என்று சொல்கிற கிராக் சாஃப்ட்வேர் எதையும் போடாதீர்கள். அதே மாதிரி, திரை முழுக்கச் சிவப்பாகி "வைரஸ் வந்துவிட்டது, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்" என்று வந்தால் அது ஏமாற்று, மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. பிரவுசரை மூடுங்கள். கூப்பிட்டுப் பணம் போய்விட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

மாமாவுக்கு இப்போது இரண்டு பெண்டிரைவ் இருக்கிறது. வெளியே போய் வருவதற்குச் சிவப்புப் பாவு நூல் கட்டியிருக்கிறது, உள்ளேயே இருப்பதற்கு வெள்ளை நூல். ஞாயிற்றுக்கிழமை தறி நிற்கிற நேரத்தில் சிவப்பு நூல்காரனைச் சொருகி ஸ்கேன் போட்டுவிட்டு, அப்டேட் தேதியை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்புகிறார்.