பணம் வைக்காமல் ‘பெட்’ கட்டுவது எப்படி?

ஆங்கிலத்தில் யாராவது ‘யூ பெட்’ என்றால் பர்ஸை எடுக்காதீர்கள், ‘கண்டிப்பா’ என்கிறார், அவ்வளவுதான். ‘ஐ பெட்’ கொஞ்சம் சிக்கல்: “நாளைக்கு முடித்துவிடுவேன்” என்று நீங்கள் சொல்ல, எதிரில் இருப்பவர் இழுத்து ‘ஐ பெட்’ என்றால், துளியும் நம்பவில்லை என்று அர்த்தம்.

பலர் வழுக்குவது ‘ஃபேட் சான்ஸ்’ விஷயத்தில். குண்டு வாய்ப்பு என்றால் பெரிய வாய்ப்பு என்றுதானே தோன்றும்? இல்லை, ‘அதெல்லாம் நடக்கவே நடக்காது ராஜா’ என்கிற நக்கல் அது, அதனால் மேனேஜரிடம் வேண்டாம். அங்கே ‘ஸ்லிம் சான்ஸ்’ போதும்.

‘ஹேண்ட்ஸ் டவுன்’ குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. ஜெயிப்பது உறுதியானதும் ஜாக்கி கடிவாளத்தைத் தளர்த்திக் கையைத் தாழ்த்திவிடுவார். இந்தக் கடை பிரியாணிக்குப் போட்டியே இல்லை என்று சொல்ல இதைப் போடுங்கள்.

அப்புறம், கண் பட்டுவிடுமோ என்று தோன்றினால் லண்டன்காரரிடம் ‘டச் வுட்’, அமெரிக்கரிடம் ‘நாக் ஆன் வுட்’. மேசை பிளைவுட்டாக இருந்தாலும் சரி, தட்டுங்கள்.