வரைபடத்தை அப்புறம் விரியுங்கள்: வட்டார பஸ் சேவையைச் சீரமைக்கும் வழி

பல வருடமாக பஸ் கால அட்டவணை போடுவதுதான் என் வேலை. ஒரு வட்டாரத்தின் பஸ் சேவையை மாற்றி அமைக்கப் போகிறோம் என்று யார் கூப்பிட்டாலும், மேசையில் முதலில் வரைபடத்தை விரிப்பார்கள். அதைச் சுருட்டி வைக்கச் சொல்லிவிட்டு ஒன்று கேட்பேன்: இரவு ஏழரை வண்டி வராமல் போனால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? பெரும்பாலும் ஆளுக்கு ஒரு பக்கம் கையைக் காட்டுவார்கள். பெர்மிட் ஒரு அலுவலகம், மானியம் இன்னொரு அலுவலகம், வண்டி ஓட்டுவது வேறு நிறுவனம்.

இதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். வழித்தடம், நேரம், கட்டணம் மூன்றையும் முடிவு செய்யும் அதிகாரம் ஒரே அமைப்பிடம் வரட்டும். அதன் எல்லை, மக்கள் வேலைக்கும் படிப்புக்கும் போய்வரும் தூரத்தைப் பொறுத்து அமையட்டும். மாவட்டக் கோடு அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது. ஜெர்மனியின் ஹாம்பர்க் 1965லேயே இப்படி ஒரு போக்குவரத்துக் கூட்டமைப்பை உருவாக்கியது. சுவிட்சர்லாந்தின் சூரிச் மாநிலத்தில் 1990ல் வந்தது. வண்டி ஓட்டுபவர்கள் பலர். திட்டமும் பயணச்சீட்டும் ஒன்று.

இதற்கு நேர் எதிரான பாதையில் போனது பிரிட்டன். 1985ல் சட்டம் போட்டு, 1986 அக்டோபரில் லண்டனுக்கு வெளியே பஸ் சேவையைச் சந்தையிடம் விட்டது. எங்கே, எப்போது ஓட்டுவது என்பதை நிறுவனங்களே தீர்மானித்தன. லண்டனில் மட்டும் திட்டமிடுவது பொதுக் கையிலேயே இருந்தது. வழித்தடங்களை ஏலத்துக்கு விட்டார்கள். 2017ல் வந்த சட்டத்தைப் பயன்படுத்திக் இங்கிலாந்தின் கிரேட்டர் மான்செஸ்டர் வட்டாரம் அந்தப் பொறுப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 2023 செப்டம்பரில் தொடங்கி 2025 ஜனவரி வரை மூன்று கட்டமாக மாற்றினார்கள்.

அடுத்தது ஒப்பந்தம். நிறுவனம் டிக்கெட் வசூலை மட்டும் நம்பி ஓட்டினால், கூட்டம் உள்ள நேரத்தில் இரண்டு வண்டி முந்திக்கொண்டு வரும். இரவில் ஒன்றும் வராது. தென் கொரியத் தலைநகர் சியோல் 2004 ஜூலையில் வசூலைப் பொதுவில் சேர்த்து, ஓடிய கிலோமீட்டருக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. நல்ல முறைதான், ஆனால் காலி வண்டி ஓட்டினாலும் பணம் வரும் என்ற ஆபத்து அதில் இருக்கிறது. அதனால் ஓடாத நடைக்கும் நேரத்துக்கு முன்பே கிளம்பும் நடைக்கும் பிடித்தம் எழுதுங்கள். தாமதத்தைவிட முன்கூட்டிக் கிளம்புவதற்கு அதிகம் பிடியுங்கள். ஐந்து நிமிடம் தாமதமானால் பயணிக்கு ஐந்து நிமிடம்தான் நஷ்டம். ஒரு நிமிடம் முன்னால் போய்விட்டால், அவர் அடுத்த வண்டிவரை நிற்க வேண்டும்.

பணத்தைக் கூட்டம் அதிகமுள்ள தடத்தில் போடுவதா, சின்ன ஊர்களுக்கும் வண்டி விடுவதா என்பதை அதிகாரிகள் அறைக்குள் பேசி முடிக்கக் கூடாது. எத்தனை பங்கு எதற்கு என்று எண்ணாகச் சொல்லி, மக்கள் பிரதிநிதிகளிடம் ஒப்புதல் வாங்குங்கள். குடியிருப்பவர்கள், வேலை செய்பவர்கள், படிப்பவர்கள் என 300 பேர் இருந்தால் அந்த இடத்துக்கு ஒரு நிறுத்தமாவது வேண்டும் என்று சூரிச்சில் விதியே உண்டு. எனக்கு மிகவும் பிடித்த விதி அது. யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை.

சரி, இப்போது வரைபடத்தை விரிக்கலாம். கூடவே ஒரு தாளும் பென்சிலும் வேண்டும். போக 50 நிமிடம், வர 50 நிமிடம், இரண்டு முனையிலும் பத்துப் பத்து நிமிடம் நிறுத்தம்: மொத்தம் 120. மணிக்கு ஒரு வண்டி விட 2 பஸ் போதும். அரை மணிக்கு ஒன்று என்றால் 4. இதில் ஒரு கிளைச்சாலைக்குள் நுழைந்து வரச் சொன்னால் ஒவ்வொரு பக்கமும் 4 நிமிடம் கூடி 128 ஆகும். மணிக்கு ஒரு வண்டி விடவே மூன்றாவது பஸ் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த 8 நிமிடம் ஓட்டுநரின் ஓய்விலிருந்துதான் போகும். நடைமுறையில் எப்போதும் ஓய்வுதான் போகிறது, அப்புறம் நாள் முழுக்கத் தாமதம். இதைத் திருப்பியும் பாருங்கள். 128 நிமிடத் தடத்தில் எல்லாக் கதவிலும் ஏற விட்டு, தேவையில்லாத ஒரு வளைவை எடுத்து, 8 நிமிடம் மிச்சம் பிடித்தால் ஒரு பஸ் கைக்கு வரும். அதை வண்டியே இல்லாத ஊருக்கு அனுப்பலாம்.

இணைப்பில்தான் நான் ஒருமுறை வலியோடு கற்றுக்கொண்டேன். நீண்ட தடத்தை நடுவில் வெட்டி, சந்திப்பில் வண்டி மாறிப் போகட்டும் என்று திட்டம் போட்டோம். தாளில் 6 நிமிட இடைவெளி இருந்தது. இரண்டு வண்டியும் வெவ்வேறு பணிமனை. ஒரு பணிமனை தன் வசதிக்கு நேரத்தை 10 நிமிடம் முன்னால் தள்ளியது, எங்களுக்குச் சொல்லவில்லை. பள்ளிப் பிள்ளைகள் தினமும் தங்கள் பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இறங்கினார்கள். அது எங்கள் காதுக்கு வரவே மூன்று வாரம் ஆனது. அன்றிலிருந்து, இணைப்பு நேரத்தை மாற்ற இரு பணிமனையின் கையெழுத்தும் வேண்டும் என்று எழுதாமல் எந்த அட்டவணையையும் வெளியே விடுவதில்லை. சந்திப்பில் எல்லா வண்டியும் முழு மணி அடிக்க 5 நிமிடம் முன்னால் வந்து, மணி அடித்து 5 நிமிடம் கழித்துக் கிளம்பட்டும். யாருக்கும் எளிதில் மனப்பாடமாகும்.

மாற்றத்தை ஒரே நாளில் இறக்காதீர்கள். 2007 பிப்ரவரியில் சிலி நாட்டுத் தலைநகர் சாண்டியாகோ அப்படிச் செய்தது. வண்டியும் போதவில்லை, பஸ்ஸுக்கான தனிப் பாதைகளும் முடியவில்லை. நகரமே நிறுத்தங்களில் நின்றது. ஒரு பகுதியில் தொடங்கி, அங்கே சரியானதும் அடுத்ததற்குப் போங்கள்.

முதல் வாரம் கடைசி வண்டியில் நீங்களே ஏறி உட்காருங்கள். எந்த இடத்தில் நேரம் போதவில்லை என்று ஓட்டுநரையும் நடத்துனரையும் கேளுங்கள். அவர்கள் சொல்லும் நிமிடத்தை அப்படியே குறித்துவந்து, அடுத்த அட்டவணையில் சேர்த்துவிடுங்கள்.