தாடைக்கு நெட்டி முறிக்க வேண்டாம்

ஏ9 வீதியால் போகிறவர்களுக்கு முறிகண்டி என்றால் முதலில் பிள்ளையார், பிறகு கச்சான். நானும் கும்பிட்டுவிட்டு ஒரு சரை வாங்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறி, வவுனியா வரும்வரை கொறித்துக்கொண்டே வந்தேன். இறங்கும்போது வலது காதுக்கு முன்னால் ஒரே உளைவு, வாயைத் திறந்தால் ‘டிக்’ என்று சத்தம். காதுக்குள்தான் ஏதோ என்று வீட்டில் எண்ணெய் விட்டார்கள் (அதுவும் பிழைதான், அதை இன்னொரு நாள் ஏசுகிறேன்). அப்புறம் போனில் தாடைப் பயிற்சி தேடி, ஒரு வீடியோவில் பார்த்தபடி இரண்டு பெருவிரலையும் பற்களுக்கிடையே கொடுத்து நோக நோக அகட்டினேன். அடுத்த நாள் காலை பாணைக்கூடக் கடிக்க முடியவில்லை, பிய்த்துத் தேத்தண்ணியில் தோய்த்துத்தான் விழுங்கினேன்.

என்ன நடந்தது என்று விளங்க வேண்டுமானால் காதுத் துவாரத்துக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயை மெதுவாகத் திறந்து பாருங்கள். விரலுக்கடியில் ஒரு குமிழ் அசையும். கீழ்த்தாடையின் அந்தக் குமிழுக்கும் மண்டையோட்டுக்கும் நடுவில் சிறு தட்டுப் போல ஒரு மெத்தை இருக்கிறது. வாய் திறக்கத் தொடங்கும்போது குமிழ் கதவுப் பிணைச்சல் மாதிரி இருந்த இடத்திலேயே சுழலும், இன்னும் திறந்தால் முன்பக்கம் வழுக்கிக்கொண்டு வரும். அந்தத் தட்டு கொஞ்சம் விலகியிருந்தால் குமிழ் அதன்மேல் ஏறும்போதுதான் ‘டிக்’ கேட்கிறது. நோவில்லாமல் சத்தம் மட்டும் என்றால் கனபேருக்கு இருப்பதுதான், வைத்தியமே தேவையில்லை.

ஆனால் சத்தம் கேட்டதும் எங்களுக்குக் கை சும்மா இருக்காது. விரலுக்கு நெட்டி முறிப்பதுபோல நாடியை (மோவாயை) பிடித்து இந்தப் பக்கம் ஒருக்கா அந்தப் பக்கம் ஒருக்கா தள்ளி, சத்தம் வந்ததும் ‘சரி, விட்டுப்போச்சு’ என்று ஆறுதல்படுவது. ஒன்றும் விடவில்லை, ஏற்கெனவே இழுபட்டுக் கிடக்கும் சவ்வை இன்னும் இழுத்திருக்கிறீர்கள். சலூனில் முடி வெட்டி முடிந்ததும் தலையைப் பிடித்து மடக்கென்று திருப்புகிறார்களே, தாடை நோவோடு போகிறவர்கள் அதற்குத் தலையைக் கொடுக்கவே கூடாது.

நான் செய்த அகட்டலுக்கு வருகிறேன். இறுகிய தசையை மெல்ல மெல்ல இழுத்துவிடுவது நல்லதுதான், இயன்மருத்துவர்களும் (பிசியோதெரபி செய்கிறவர்கள்) அதைச் செய்விப்பார்கள். தட்டு முன்னால் விலகி, குமிழ் அதைத் தாண்ட முடியாமல் வாய் பாதியில் பூட்டிக்கொண்டவருக்கோ அது வேறு விதமான வில்லங்கம், அங்கே பலத்தைக் காட்டினால் வீக்கம்தான் மிஞ்சும். வாய் எவ்வளவு திறக்கிறது என்று அறிய, சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து முன்பற்களுக்கிடையே போகுமா என்று பாருங்கள். வளர்ந்த ஆளுக்கு ஏறத்தாழ 40 முதல் 50 மில்லிமீற்றர் திறக்க வேண்டும். பார்த்தால் போதும். போகாத மூன்றாம் விரலைத் திணிப்பது பயிற்சியில் சேராது.

சரி, எப்படித்தான் செய்வது? முதலில் கண்ணாடிக்கு முன்னால் நில்லுங்கள். இல்லாவிட்டால் நாடி ஒரு பக்கம் கோணி ஓடுவது தெரியாது, தெரியாமல் செய்தால் கோணலைத்தான் பழக்குகிறீர்கள். நாக்கு நுனியை மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், அண்ணத்தில் வையுங்கள். ‘ந’ சொல்லும் இடத்துக்குக் கொஞ்சம் பின்னால். கனபேர் விடுவது இந்த நாக்கைத்தான். நாக்கு அண்ணத்தை விட்டு இறங்காமல் வாயைத் திறந்தால் தாடை தானாகவே பாதியில் நின்றுவிடும், குமிழ் முன்னால் பாயாமல் இருந்த இடத்திலேயே சுழலும். ஒரு விரல் மூட்டில், ஒரு விரல் நாடியில். திறப்பது, மூடுவது, அவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்கு நீங்கள் ஒன்றும் செய்யாததுபோலத்தான் இருக்கும்.

அதனால்தான் நாள் முழுக்க மறந்துவிட்டு இரவு படுக்கப்போகும்போது ஐம்பது தடவை ஒரேயடியாகச் செய்யத் தோன்றும். செய்யாதீர்கள். சிலி நாட்டு இயன்மருத்துவர் மரியானோ றொக்கபாடோவின் பெயரில் பிரபலமான முறையில் மொத்தம் 6 பயிற்சி, ஒவ்வொன்றும் 6 தடவை, நாளுக்கு 6 வேளை. கழுத்தும் தோளும் கூட அதற்குள் வரும், தலையை முன்னால் நீட்டிக்கொண்டு போன் பார்க்கிறவர்களுக்குத் தாடை மட்டும் எப்படி நேராக நிற்கும்? செய்வதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் சுடுதண்ணியில் நனைத்துப் பிழிந்த துணியைச் சொக்கையில் வைத்தால் தசை இளகும். அடிபட்ட புதுசில் மட்டும் சூடு வேண்டாம், குளிர் ஒத்தடம்.

தாடையைப் ‘பலப்படுத்த’ சுவிங்கம் மெல்லச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். புழுக்கொடியலைக் கடித்து வளர்ந்த சனத்துக்கு மெல்லும் தசையில் பலக்குறைவா? நோ இருக்கும் நாட்களில் புழுக்கொடியலையும் கச்சானையும் கணவாய்க் கறியையும் தள்ளிவைத்துவிட்டு, குழைந்த சோறும் பருப்பும் போதும்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் எனக்குக் குறையவில்லை. ஏன் என்று ஒரு நாள் மோட்டார்சைக்கிளில் ஒழுங்கைக் கிரவல் றோட்டால் வரும்போதுதான் பிடிபட்டது. ஒவ்வொரு கிடங்குக்கும் நான் பற்களை இறுக்கிக் கடித்துக்கொண்டு வந்திருக்கிறேன், அரை மணித்தியாலமும். லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பிடிக்கிறவர்களையும் கவனித்துப் பாருங்கள், காதுக்குக் கீழே தசை கட்டியாய்ப் புடைத்து நிற்கும். உதடு சேர்ந்திருக்கலாம், பற்கள் தொடக்கூடாது. சாப்பாட்டு நேரம் போக மற்ற நேரமெல்லாம் அப்படித்தான் இருக்க வேண்டும். ஹாண்டிலில் ஒரு சிவப்பு நூல் கட்டினேன், கண்ணில் படும்போதெல்லாம் பல்லை விட.

இனிச் சொல்லப்போவதைப் பயிற்சியோடு போட்டுக் குழப்பாதீர்கள். வருடக்கணக்காய்ப் பாக்குப் போடுகிறவருக்கு வாய் வரவரச் சிறுத்து, உறைப்புப் பட்டால் எரிந்து, சொக்கையின் உட்பக்கம் வெளிறி நாராய் இறுகினால் அது மூட்டுப் பிரச்சினை அல்ல. புகையிலை சேர்க்காமல் பாக்கு மட்டும் போட்டாலும் வரும், புற்றுநோயாகவும் மாறக்கூடும். பாக்கை நிறுத்திவிட்டு உடனே பல் வைத்தியரிடம் வாயைக் காட்ட வேண்டும். மண்வெட்டியோ ஆணியோ வெட்டி, ஏற்பு ஊசி (டெற்றனஸ் தடுப்பூசி) போடாமல் விட்டு, பிறகு தாடை இறுகினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தாடை நோவோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் கண்ணாடியைத் தேட வேண்டாம், அம்புலன்ஸுக்கு 1990ஐ அழையுங்கள்.

நான் கடைசியில் பல் வைத்தியரிடம்தான் போனேன். ஆவென்று திறக்கச் சொன்னதும் வீரமாய் முழுக்கத் திறக்கப் போனேன். “தம்பி, நோகிற இடத்தில நிப்பாட்டுங்கோ” என்றார். அன்றைக்கு இரண்டு விரல்தான் போனது. மூன்றாவது விரல் போக ஆறு கிழமை எடுத்தது.