ஆகாயத்தாமரையில் எரிவாயு: மலைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டி ஏரியிலும் கொடைக்கானல் ஏரியிலும் ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் குவிக்கும்போதெல்லாம், இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு ஒரு யோசனை வரும்: இதை நம் சாண எரிவாயுக் கலனில் போட்டால் என்ன? தாராளமாகப் போடலாம். சறுக்குவது போடுவதற்கு முன் செய்யும் பக்குவத்தில்தான். கையில் கிடைக்கும் செய்முறைகள் பெரும்பாலும் 35 டிகிரி வெப்பத்தை வைத்து எழுதப்பட்டவை. கொடைக்கானலில் சித்திரையிலேயே பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. ஊட்டியில் மார்கழி, தை இரவுகளில் புல்மேல் உறைபனி படிகிறது. எரியும் வாயுவான மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் 15 டிகிரிக்குக் கீழே போனாலே சோம்பிவிடும். சமவெளிப் பக்குவத்தை அப்படியே மலைக்குக் கொண்டுவருவதுதான் எல்லாத் தவறுக்கும் தாய்.

முதலில் ஒரு கணக்கு. 100 கிலோ பச்சைச் செடியில் ஏறக்குறைய 94 கிலோ தண்ணீர்தான். மிச்சம் 6 கிலோ உலர்பொருள். அது நன்றாகச் செரித்தால் ஒரு கன மீட்டர் வாயு, மிஞ்சினால் ஒன்றேகால். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு நாள் சமையலுக்குச் சரியாக இருக்கும். அதே வாயுவை 25, 30 கிலோ சாணமே தந்துவிடும். இந்தக் கணக்கு மனதில் இருந்தால் பாதித் தவறு தானாகக் குறையும்.

உதாரணத்துக்கு, வேகவைப்பது. "சூடாக்கினால் நார் இளகும்" என்பது உண்மைதான். ஆனால் 15 டிகிரியில் கிடக்கும் 100 கிலோ செடியை 90 டிகிரிக்கு ஏற்ற 31 மெகாஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கன மீட்டர் சாண எரிவாயுவில் இருப்பதோ சுமார் 21 மெகாஜூல்தான். வரவைவிடச் செலவு அதிகம். அடுப்பில் வேறு விறகு எரித்து அண்டாவில் வேகவைப்பவரை என்ன சொல்வது?

சுண்ணாம்பு விஷயம் இதைவிட மோசம். நாரைத் தளர்த்தச் சுண்ணாம்போ காஸ்டிக் சோடாவோ நூற்றுக்கு 5 பங்கு என்று படித்துவிட்டு, 100 கிலோ செடிக்கு 5 கிலோ கொட்டிவிடுகிறார்கள். அந்த 5 பங்கு உலர்பொருளின் எடைக்கு. 6 கிலோவுக்கு 300 கிராம், அவ்வளவுதான். 5 கிலோ போனால் கரைசலின் பிஎச் (அமில-கார அளவு) எக்கச்சக்கமாக ஏறி, கலனில் இருக்கும் உயிரே அடங்கிவிடும். காஸ்டிக் சோடா என்றால் சோடியமும் சேர்ந்து தேங்கும். கையில் பட்டால் தோல் வெந்துபோகும். வீட்டுக் கலனுக்கு அது வேண்டவே வேண்டாம் என்பேன். அமிலமும் வேண்டாம்: கந்தக அமிலத்தில் ஊறிய செடி உள்ளே போனால் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடுதான் கூடும், அடுப்பு பர்னரும் அரிக்கும். சுண்ணாம்பு போட்டே ஆகவேண்டுமென்றால் புதிதாக நீற்றியதாக இருக்கட்டும். மாதக்கணக்கில் திறந்து கிடந்த மூட்டை காற்றோடு சேர்ந்து வெறும் சுண்ணாம்புக்கல் தூளாகி வீரியம் இழந்திருக்கும். ஊறிய பிறகு "காரம் போகட்டும்" என்று அலசுவது இன்னொரு கூத்து. நார் உடைந்து கரைந்த சர்க்கரை அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. வாயுவாக வேண்டியது சாக்கடைக்குப் போகும்.

மருந்து இல்லாமல் கத்தியும் காலமும் போதும். ஆகாயத்தாமரையின் தடித்த காம்பை ஒடித்துப் பாருங்கள். உள்ளே பஞ்சுபோலக் காற்றறைகள். செடியை மிதக்க வைப்பது அதுதான். முழுச்செடியாகப் போட்டால் கலனிலும் அப்படியே மிதந்து, மேலே தடித்த ஏடாகப் படிந்து வாயுவை அடைக்கும். தீனபந்து போன்ற நிலைக்கூரைக் கலன்களில் கிளறும் வசதி கிடையாது, எனவே ஏடு கட்டிவிட்டால் கலனைத் திறந்து அள்ளுவதைத் தவிர வழியில்லை. மாட்டுத்தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக்கி, பிறகு மிதித்தோ உலக்கையால் இடித்தோ காற்றை வெளியேற்றுங்கள். நறுக்குவதைவிட நசுக்குவது முக்கியம். மாவாக அரைப்பது வீண் மின்செலவு.

காயவைக்கலாமா? ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மூடுபனியிலும் எங்கே காயும்? காய்ந்தாலும் சருகு இன்னும் நன்றாக மிதக்கும்.

நசுக்கியதைச் சாணக் கரைசலில், அல்லது கலனிலிருந்து வெளிவரும் பழைய கரைசலிலேயே, மூடிய டிரம்மில் ஊறவிடுங்கள். சமவெளியில் ஒரு வாரம் என்றால் இங்கே இரண்டு வாரமாவது ஆகும். நாள் எண்ணுவதைவிடக் கை சொல்வதைக் கேட்பது நல்லது: காம்பு விரலிடுக்கில் வழுக்கி நசுங்க வேண்டும், தண்ணீரில் போட்டால் அமிழ வேண்டும். பூ வளர்க்கும் பாலிஹவுஸ் இருந்தால் டிரம்மை அதற்குள் வைத்துவிடுங்கள், ஓசி வெப்பம். திறந்த குவியலாகப் போட்டு, அதிலிருந்து ஆவி எழுவதைப் பார்த்து மகிழ்பவர்கள் உண்டு. அந்தச் சூடு உங்கள் அடுப்புக்கு வர வேண்டியது. ஓரிரு நாளுக்கு மேல் விட்டால் உரம்தான் மிஞ்சும்.

ஊறியது புளித்திருக்கும். அதை ஒரேயடியாகக் கொட்டினால் குளிரில் மந்தமாயிருக்கும் மீத்தேன் நுண்ணுயிர்களால் அமிலத்தைத் தின்று தீர்க்க முடியாது. பிஎச் 6.5க்குக் கீழே போனால் வாயு வரும், ஆனால் தீ பிடிக்காது. சாணத்தில் பத்தில் ஒரு பங்காகத் தொடங்கி வாரம் வாரம் கூட்டுங்கள். பாதிக்கு மேல் போகவேண்டாம். கலனும் மலைக்கென்று 55 நாள் தங்கல் காலத்துக்கு, அதாவது போட்டது 55 நாள் உள்ளே இருந்து செரிக்கும் அளவுக்கு, கட்டியதாக இருக்க வேண்டும். 40 நாள் கலனில் செடி பாதி செரித்தபடியே வெளியேறும்.

வேரை மட்டும் வெட்டி ஒதுக்கிவிடுங்கள். மண்ணைப் பிடித்து வைத்திருப்பதும், தண்ணீரிலுள்ள உலோகங்களை அதிகம் சேர்ப்பதும் வேர்தான். ஊட்டி ஏரிக்குக் கோடப்பமந்து கால்வாய் வழியே ஊர்க் கழிவுநீர் வருகிறது. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்ட பிறகும் ஏரி வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். செரிப்பதால் உலோகம் அழியாது, கரைசலிலேயே தங்கும். இந்த ஏரிச்செடி போட்ட கரைசலைக் கேரட்டுக்கோ மலைப்பூண்டுக்கோ பாய்ச்சுமுன் ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுங்கள்.

அள்ளிய செடியை "நாளைக்கு நறுக்கலாம்" என்று தோட்டத்துக் குட்டையில் போட்டுவைப்பதும் கூடாது. ஒரு தண்டுத் துண்டே குட்டையை மூடப் போதும், விதையோ சேற்றில் 15 வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். பூத்த செடியாக இருந்தால் பூத்தண்டைக் கிள்ளி எரித்துவிட்டு மற்றதை ஏற்றுங்கள். வண்டியிலிருந்து சிந்தாமல் தார்ப்பாய் போடுங்கள்.